‘எங்கை போறியள்?’ எண்டு கேளாத வீடு

போன கிழமை றஜீவனை நடுக்கடலில் விட்டுவிட்டு எழும்பினோம். அந்த ஏழு நாளும் உங்களில் பலருக்கு நெஞ்சு பாரமாய் இருந்திருக்கும். முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன், மற்றதைப் பிறகு ஆறுதலாகக் கதைப்போம். ஆள் கரைக்கு வந்துவிட்டான்.

டீசல் முடிந்து காற்றோடு இழுபட்டுப்போன படகை, வலை எடுத்துக்கொண்டு திரும்பிய நயினாதீவார் கண்டார்கள். கயிறு போட்டு இழுத்து வந்து நெடுந்தீவுத் துறையில் கட்டிவிட்டார்கள். கரையில் கால் வைத்ததும் றஜீவன் கேட்ட முதல் கேள்வி, “சனம் எல்லாம் இறங்கிட்டுதோ?” என்பதுதான்.

படகில் அவனைத் தவிர ஒரு குருவிகூட இருக்கவில்லை.

புதிதாக வந்து அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. றஜீவன் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் நடுவில் பயணிகள் படகு ஓட்டியவன். கூட்டாளி சுபேசனோடு பங்குக்கு வாங்கிய படகு. எட்டு மாதங்களுக்கு முன்னர் வேலணை வீதியில் மோட்டார் சைக்கிள் மாட்டில் அடிபட்டு, தலையில் பலத்த காயம். நடை திரும்பியது, பேச்சு திரும்பியது. விபத்துக்கு முதல் நடந்த எல்லாமே பழைய அலுமாரியில் மடித்து வைத்த சேலைபோலப் பத்திரமாய் இருக்கிறது. புதிதாய் ஒன்று வைக்கப் போனால்தான், இழுத்தாலும் லாச்சி திறக்காது. இப்போது சொன்னது தேத்தண்ணி ஆறுவதற்குள் போய்விடும்.

அவனுடைய தங்கை பவதாரணியை உங்களுக்குத் தெரியும். நரம்பு உளவியலாளர். மூளை காயப்பட்டவர்களுக்கு நினைவையும் பழக்கத்தையும் மெல்ல மெல்லத் திரும்பக் கட்டிக் கொடுக்கிற வேலை. இங்கிலாந்தில் படித்து, அங்கேயே நெடுங்காலம் வேலை செய்து, எல்லோரும் அங்கே போகிற காலத்தில் இங்கே திரும்பி வந்தவள். யாழ்ப்பாணத்தில் நோயாளரைப் பார்க்கிறாள், பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறாள், மிச்ச நேரத்தில் தீவுகளில் வீடு வீடாய் ஏறி இறங்கி ஆராய்ச்சி. மாத்திரை எழுதாதவள் என்பதால் நெடுந்தீவார் அவளுக்கு வைத்திருக்கும் பெயர், ‘குளிசை தராத டொக்டர்.’

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

குறிகட்டுவான் துறையில் காலைப் படகுக்குச் சனம் நெருக்கியடித்தது. பவதாரணியோடு அன்று வந்தவர் இராசநாயகம். றஜீவனுடைய மாமனார், சயந்தினியைப் பெற்றவர். மாத்தறையில் கடை வைத்திருந்து, இப்போது யாழ்ப்பாணம் நகரில் ஓய்வாக இருக்கிறார். வெள்ளை வேட்டி, கையில் குடை.

படகில் கால் வைக்கப்போன நேரம் பின்னாலிருந்து ஒரு குரல். மரியநாயகம், பழைய பழக்கம்.

“என்ன ஐயா, எங்கை போறியள்? நெடுந்தீவுக்கோ?”

இராசநாயகத்தின் முகம் கறுத்துவிட்டது. “கேட்டிட்டான் பார், கால் வைக்கேக்கை! உவனுக்கு ஒரு நாளும் புத்தி வராது.” திரும்பிப் போய்த் துறையோரத்துச் சீமெந்துக் கட்டில் குந்தினார். போத்தலைத் திறந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் எழும்பினார். படகு அவருக்காகக் காத்து நின்றது. சுபேசன் சுக்கானில் நின்றபடி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

நல்ல சோளகக் காற்று. படகு எழும்பி விழுந்தது. இராசநாயகம் குடையைக் கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு சொன்னார்:

“பிள்ளை, நான் சுத்தி வளைக்கேல்லை. கொழும்பிலை ஒரு நல்ல இல்லத்திலை இடம் பிடிச்சு வைச்சிருக்கிறன். பின்னேரப் படகிலை மருமோனைக் கூட்டிக்கொண்டு வாறது.”

“மாமா, அண்ணைக்குப் புது இடத்திலை ஒவ்வொரு நாளும் முதல் நாள்தான். கக்கூசுக்கு வழி எதெண்டு சாகுமட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். இஞ்சை காலுக்கே எல்லாம் தெரியும்.”

“காலுக்குத் தெரிஞ்சுதானே கடலுக்குப் போனது!”

பவதாரணி, அலைத்தண்ணீர் தெறித்த பையை மடியில் தூக்கி வைத்தாள்.

“உம்மட சொல்லுக்காகத்தான் இண்டைக்கு வரை பொறுத்தனான்,” என்றார் அவர், கொஞ்சம் தணிந்து. “பின்னேரம் வரைக்கும் பாரும். வீட்டிலை வைச்சிருக்கலாம் எண்டு நீர் சொன்னால் நான் வாய் திறக்கேல்லை. ஆனால் தங்கச்சியாப் பாக்காதையும். படிச்ச ஆளாப் பாரும்.”

அதுதான் அவளைத் தைத்தது. மாணவர்களுக்கு அவளே வகுப்பில் சொல்லுகிற கதை அது. சொந்தம் என்று வந்தால் கண் மறைக்கும். வேறு ஆளிடம் ஒப்படையுங்கள் என்பாள். ஒப்படைக்க இந்த வடக்கில் வேறு ஆள் எங்கே? வீடு ஆபத்து என்று தெரிந்தால் வாயைத் திறந்து ‘ஆபத்து’ என்று சொல்லத்தான் வேண்டும். அண்ணன் இனி வீட்டில் இருப்பதா இல்லையா என்பது காலைப் படகுக்கும் பின்னேரப் படகுக்கும் நடுவில் வந்து நின்றது.

துறையிலிருந்து றஜீவனின் வீடு கூப்பிடு தூரம். கல்வேலியைத் தாண்டும்போதே உள்ளே சனத்தின் சத்தம். விசயம் கேள்விப்பட்டு ஊரே வந்திருந்தது. பிஸ்கட், தோடம்பழம், கூடவே கேள்வியும்.

வேம்பின் கீழே கதிரையில் றஜீவன். எதிரே முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றார் வல்லிபுரம், பக்கத்து வளவுக்காரர்.

“சொல்லு பாப்பம் தம்பி! முந்தநாள் விடியப்புறம் எங்கை போனனீ?”

றஜீவன் ஒரு நொடி முழித்தான். பிறகு முகம் மலர்ந்தது. “நயினாதீவுக்கு அண்ணை. திருவிழாச் சனம். ரண்டு ஓட்டம் அடிச்சனான்.”

சனம் சிரித்தது. “திருவிழா முடிஞ்சு எத்தினை நாள்!” என்றது ஒரு குரல். “இன்னொருக்காக் கேளுங்கோ வல்லிபுரமண்ணை!” என்றது இன்னொன்று.

பவதாரணி கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

“வல்லிபுரமண்ணை, போதும். இனி ஒருத்தரும் அண்ணையைக் கேள்வி கேக்கக்கூடாது.”

“என்ன பிள்ளை, கேட்டால்தானே ஞாபகம் வரும்! ஆஸ்பத்திரியிலை டொக்டர்மாரே இப்பிடித்தான் கேக்கினம். என்ன கிழமை, ஆர் சனாதிபதி எண்டு.”

“அது அளந்து பாக்கிறதுக்கு. மருந்து இல்லை.” கோபப்படாமல்தான் சொன்னாள். “கேட்டால் அண்ணைக்கு ஒரு பதில் வேணும். உள்ளை இல்லாட்டி ஒண்டைக் கட்டிச் சொல்லுவார். பொய் எண்டு அவருக்கே தெரியாது. வேடிக்கை என்னெண்டால், உண்மை நிக்காத தலையிலை, வாயாலை சொன்ன பிழை நிண்டு பிடிக்கும். நீங்கள் பத்துப் பேர் கேட்டியளெண்டால் அந்தத் திருவிழா பத்துத் தரம் நடந்த மாதிரி.”

“அப்ப நாங்கள் வந்து என்னத்தைச் செய்யிறது? பேசாமல் இருக்கிறதோ?”

“சொல்லுங்கோ. ‘தம்பி, நான் வல்லிபுரம் வந்திருக்கிறன், மாடு கண்டு போட்டிருக்கு’ எண்டு சொல்லுங்கோ. கேக்காதேங்கோ.”

வல்லிபுரம் தலையைச் சொறிந்தார். பிறகு திரும்பி, பள்ளிக்கூடப் பிள்ளைபோல நிமிர்ந்து நின்று, “தம்பி, நான் வல்லிபுரம். மாடு கண்டு போட்டிருக்கு,” என்றார்.

“மெய்யே அண்ணை! கிடாரியோ நாம்பனோ?” என்றான் றஜீவன்.

அன்று முதல்முறையாக அந்த முற்றத்தில் அவன் கேட்டான், மற்றவர்கள் பதில் சொன்னார்கள்.

சனம் கலைந்ததும் பவதாரணி குசினிக்குள் போனாள். சயந்தினி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“ஐயா கொண்டுபோகத்தானே வந்திருக்கிறார்?”

“பின்னேரம் வரைக்கும் நேரம் தந்திருக்கிறார் மச்சாள். எனக்கு ஒண்டு விளங்கவேணும். அண்டைக்கு விடியப்புறம் அண்ணை வெளிக்கிடேக்கை நீங்கள் நல்ல நித்திரையோ?”

திருவலைச் சத்தம் நின்றது.

“ஐயாவுக்கு அப்பிடித்தான் சொன்னனான்.”

பவதாரணி பலகையை இழுத்துப்போட்டு முன்னால் அமர்ந்தாள். அவசரப்படுத்தவில்லை.

“முழிச்சுக்கொண்டுதான் கிடந்தனான் பவா,” என்றாள் சயந்தினி. “எழும்பினார். முகம் கழுவினார். படலையடியிலை ஆணியிலை தூங்கிற துவாயை எடுத்துத் தலையிலை கட்டினார். எங்கை போறியளெண்டு வாயிலை வந்திட்டுது. பதினெட்டு வருசமா இந்த வாய் அதைக் கேட்டதில்லை. கடலுக்குப் போற மனிசனை ஆரும் கேப்பினமோ? கேட்டு, அந்தாளுக்கு ஒண்டு நடந்தால்?” சீலைத் தலைப்பால் கண்ணை அழுத்தினாள். “அதாலை பேசாமல் கிடந்தனான். படகுச் சத்தம் கேட்டாப் பிறகுதான் தலையிலை அடிச்சுக்கொண்டு ஓடினது. ஐயாட்டை எப்பிடிச் சொல்லுறது, பாத்துக்கொண்டு கிடந்தனான் எண்டு?”

இலண்டனில் ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், அல்லது குறித்துக்கொள்வார்கள். பவதாரணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் ஒரு படகுக்காரனின் மகள். அவளுடைய அம்மாவும் ஒரு நாளும் கேட்டதில்லை.

“நல்ல காலம் நீங்கள் கேக்கேல்லை,” என்றாள்.

சயந்தினி நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்கை போறியளெண்டு கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?”

“படகுக்கெண்டு.”

“ஓம். சொல்லிப்போட்டு அதையே பிடிச்சுக்கொண்டு போயிருப்பார். வெளியிலை நான் வல்லிபுரமண்ணைக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். கேக்கவேண்டாம். சொல்லுங்கோ. படலையடியிலை நிண்டு, வரேக்கை சீனி வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டு எத்தினை நாள் சொல்லியிருப்பியள்?”

“அது… நெடுகலும் சொல்லுறதுதான்.”

“சொல்லி அனுப்பிறதுக்குத் தடையில்லைத்தானே.”

சயந்தினி யோசித்தாள். “இல்லை,” என்றாள் மெதுவாக. “சொல்லலாம்.”

பிறகு நடந்ததை வேலை என்பதா, விளையாட்டு என்பதா? பவதாரணி மாட்டுக்கொட்டிலில் கிடந்த, புல்லு அள்ளுகிற பனையோலைக் கடகத்தை எடுத்து வந்து, படலையடி ஆணியில் துவாய்க்கு மேலேயே தொங்கவிட்டாள். துவாயை எடுக்கப் போகிற கை கடகத்தைத் தொடாமல் போகமுடியாது. அண்ணன் துவாயில் கை வைக்கும் அந்தக் கணத்தில், அவன் வாய் திறக்குமுன் சயந்தினி சொல்லவேண்டும்.

“இஞ்சாருங்கோப்பா, படகு சுபேசன் ஓட்டுறான். உங்களுக்கு மாட்டிலைதான் வேலை.”

அவன் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். கடகத்தை எடுக்கவேண்டும். கொட்டில் பக்கம் திரும்பவேண்டும். அவ்வளவுதான்.

“என்ன பவா, என்னை நாடகத்துக்குப் பழக்கிறியோ?” என்று சிரித்தான் றஜீவன். ஆனாலும் சொன்னான். “சுபேசன் ஓட்டுறான். எனக்கு மாட்டிலை வேலை.” கடகத்தோடு போனான்.

கொஞ்சம் விட்டுத் திரும்பவும் செய்தார்கள். “என்ன பவா, என்னை நாடகத்துக்குப் பழக்கிறியோ?” என்று முதன்முறை கேட்பவன்போலவே கேட்டான். பெண்கள் இரண்டு பேரும் முதன்முறை கேட்டவர்கள்போலவே சிரித்தார்கள். நிழல் வேம்படிக்குள் சுருங்கிவர, சயந்தினி பாதிதான் சொன்னாள்; மீதியை அவன் முடித்தான். ஒரு தடவை, அவள் “இஞ்சாருங்கோப்பா” என்று தொடங்கும்போதே அவன் கை கடகத்தின் விளிம்பில் இருந்தது. நாடகக் கதையையும் அந்தத் தடவை அவன் சொல்லவில்லை.

பவதாரணி சயந்தினியின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

இதையெல்லாம் விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார் இராசநாயகம். அவருக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோசம் ஊறியிருக்கவேண்டும். சந்தோசம் வந்தால் மனிதன் சும்மா இருப்பானா? எழும்பி வந்து மருமகனின் தோளில் தட்டினார்.

“கெட்டிக்காரன்! எங்கை மருமோன், இப்ப படகு ஆர் ஓட்டுறது, சொல்லும் பாப்பம்?”

“நானெல்லோ மாமா! வேறை ஆர்?”

சொல்லிய வேகத்தில் துவாய் தலைக்குப் போனது. கடகம் நிலத்தில் விழுந்து உருண்டது. அவன் படலையைத் திறந்துகொண்டு வீதிக்கு இறங்கிவிட்டான். சயந்தினி ஓடிப்போய்க் கையைப் பிடித்து, ஏதேதோ சொல்லிக் கூட்டி வருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

“மாமா!” என்று கத்தினாள் பவதாரணி.

அந்த வயதுவரைக்கும் இராசநாயகத்தை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டிருக்கமாட்டார்கள்.

“என்ன பிள்ளை, படிஞ்சுதோ எண்டு சோதிச்சுப் பாக்கவேண்டாமோ?”

“அடுப்பிலை சோறு கிடக்கேக்கை நிமிசத்துக்கொருக்கா மூடியைத் திறந்தால் அவியுமோ? காலமை முழுக்கச் செய்ததை ஒரு கேள்வியாலை கழுவி ஊத்திப்போட்டியள்.”

“நான் நல்லதுக்குத்தானே…”

“குறிகட்டுவானிலை அந்த மனிசனும் நல்லதுக்குத்தானே கேட்டவர்? ஒரு கேள்விக்கு நீங்கள் குந்தியிருந்து தண்ணி குடிச்சிட்டெல்லோ எழும்பினியள். இந்த மனிசன் விடிஞ்சதிலையிருந்து எத்தினை கேள்வியைத் தாங்கியிருக்கும்?”

இராசநாயகம் விழுந்து கிடந்த கடகத்தை எடுத்தார். ஓலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். ஆணியில் திரும்பத் தூக்கிவிட்டு விறாந்தைக்குப் போய்விட்டார்.

மத்தியானம் பாரைமீன் குழம்பும் சொதியும். றஜீவன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வேம்பின் கீழே பாயில் சரிந்தான். இராசநாயகம் பாதிச் சோற்றோடு எழும்பிவிட்டார். பவதாரணி கை கழுவப் போனபோது, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“பிள்ளை, நான் மருமோனை வெறுக்கிறன் எண்டு நினைக்காதையும். இவளின்ர தாய், நான் மாத்தறையிலை இருந்த காலம் முழுக்கப் படலையைப் பாத்துக்கொண்டே இருந்தவள். வருசத்திலை ரண்டு தரம் வருவன். நான் கடையைப் பூட்டிப்போட்டு ஒரேயடியா வந்து சேர, அவள் கண்ணை மூடிப்போட்டாள். இவளும் ஒராளுக்குக் காவல் இருந்தே முடியப்போறாளோ எண்டு எனக்குப் பயம். அவ்வளவுதான்.”

“மச்சாளிட்டைக் கேட்டனீங்களோ மாமா?”

“இல்லை,” என்றார் அவர். பிறகு தானாகவே, “அதைக் கேக்கலாமோ?” என்றார்.

“அதைக் கேக்கலாம்.”

அவர் குசினி வாசல்வரை போனார். “பிள்ளை, உனக்கு…” என்று தொடங்கியவர் அங்கேயே நின்றுவிட்டார். எல்லாம் காதில் விழுந்திருந்த சயந்தினி, தட்டுக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

“ஐயா, அம்மா பாத்துக்கொண்டிருந்தது இல்லாத மனிசனை. என்ர மனிசன் இஞ்சை இருக்கிறார். என்ன கறி எண்டு ஒரு நாளைக்கு நாலு தரம் கேக்கிறார். நாலு தரமும் நான்தான் சொல்லவேணும். கொழும்பிலை ஆர் சொல்லுவினம்?”

வெயில் சாய்ந்தது. பின்னேரப் படகு வெளிக்கிடுவதற்கு முதல் சுபேசன் இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் ஓட விடுவது வழக்கம். துறையிலிருந்து அந்தச் சத்தம் காற்றோடு வந்தது.

பாயில் கிடந்த றஜீவன் கண்ணைத் திறந்தான்.

எழும்பினான். யாரும் கூப்பிடவில்லை, யாரும் ஆயத்தம் சொல்லவில்லை. இது பழக்கம் பார்க்கிற நேரமில்லை. உண்மையான படகு, உண்மையான சத்தம், அவனுடைய வாழ்நாள் முழுக்க அவனை எழுப்பிய சத்தம். சாரத்தை இறுக்கிக் கட்டினான். நேரே படலையடிக்கு நடந்தான்.

சயந்தினி குசினி வாசலுக்கு வந்துவிட்டாள். ஆனால் வாய் திறக்கவில்லை. காலமை முழுக்கச் சொன்னது பழக்கத்துக்கு, இது மெய். புருசன் கடலுக்கு வெளிக்கிடுகிறான். பதினெட்டு வருடம் பூட்டிய வாய்.

பவதாரணி சொல்லியிருக்கலாம். விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு அவள் சொல்லாமல் நின்றாள். தான் சொன்னால் அது தன் குரலோடு யாழ்ப்பாணம் போய்விடும். நாளை விடியப்புறம் இந்த வீட்டில் இருக்கப்போகிற குரல் அவளுடையது அல்ல. அவளுக்குப் பக்கத்தில் இராசநாயகம் சால்வையின் நுனியை எடுத்து வாயை மூடிக்கொண்டார்.

துவாய் றஜீவனின் தலையில் ஏறியது. கை படலைக்குப் போனது.

“இஞ்சாருங்கோப்பா…”

அவன் நின்றான்.

“சுபேசன் ஓட்டுறான்,” என்றாள் சயந்தினி. மிச்சம் வரவில்லை.

றஜீவன் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

“ஓம்,” என்றான். “சுபேசன் ஓட்டுறான்.” நெற்றியைச் சுருக்கினான். “அப்ப எனக்கு…”

தேடினான். அவன் தேடுவது எல்லோருக்கும் தெரிந்தது. சொல் அகப்படவில்லை. ஆனால் அவனுடைய இடது கை, தன்பாட்டில், ஆணியில் இருந்த கடகத்தை எடுத்துவிட்டது. கையிலிருந்ததை ஒருமுறை குனிந்து பார்த்தான். முகம் தெளிந்தது.

“இஞ்சாரும், மாட்டுக்கு இன்னும் புல்லுப் போடேல்லைப்போல! வெய்யில் சாஞ்சிட்டுது. இந்த வீட்டிலை நான் பாக்காட்டி ஒருத்தரும் பாக்கிறேல்லை!” என்று மனைவியை ஏசிக்கொண்டே, கடகத்தோடு கொட்டில் பக்கம் திரும்பி நடந்தான்.

சயந்தினி வாசற்படியில் அப்படியே இருந்துவிட்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு புருசனிடம் பேச்சு வாங்கிய சந்தோசத்தில் அழுதாள்.

“சொல்லும் பிள்ளை,” என்றார் இராசநாயகம், சால்வையை எடுத்து. “படிச்ச ஆளாச் சொல்லும்.”

“படிச்ச ஆளாச் சொன்னால், ஒரு தரம் வந்தது போதாது மாமா. விடியப்புறமும் வரவேணும். படலையிலை மாட்டுமணி ஒண்டு கட்டவேணும். படகின்ர திறப்பு சுபேசனின்ர மடியிலையே இருக்கவேணும். ஒரு கிழமை பாப்பம்.”

“தங்கச்சியாச் சொன்னால்?”

“அதுவும் அதேதான்.”

“அப்ப நானும் நிக்கிறன்,” என்றார் அவர். “இவள் விடியப்புறம் அசந்துபோனால், மணிச் சத்தத்துக்கு நான் முழிப்பன். வயசு போன எனக்கு என்ன நித்திரை.”

“நில்லுங்கோ. ஆனால் மாமா…”

“தெரியும், தெரியும். வாய் திறக்கேல்லை.”

பவதாரணி தனியாகத்தான் படகேறினாள். திங்கள் காலை அவளுக்கு வகுப்பு இருக்கிறது. காயப்பட்ட மூளைக்குப் பிழை விடாமல் பழக்குவது எப்படி என்பதுதான் பாடம். வெள்ளைக்காரரின் ஆய்வுகளை எடுத்துச் சொல்ல நினைத்திருந்தாள். இப்போது துவாயையும் கடகத்தையும் கொண்டுதான் தொடங்கப்போகிறாள்.

மனம் நிறைந்திருந்தது. சுக்கானடிக்குப் போய், சுபேசனின் பக்கத்துப் பலகையில் அமர்ந்தாள்.

“உம்மட பேர்தான் இண்டைக்கு வீடு முழுக்க,” என்று சொல்லி, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். பெண்சாதி பிள்ளைகளோடு குடும்பமாய் இருக்கிற மனிதன், கேட்டுச் சந்தோசத்தில் குதிப்பான் என்று நினைத்தாள். அவன் அலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்ர பேரோ அக்கா?”

“ஓம். ஏன்?”

“எனக்குக் கனடா விசா வந்திட்டுது. மனிசி பிள்ளையளுக்கும் சேத்து. மாசக் கடைசியிலை போறம்.” சுக்கானில் கையை மாற்றிப் பிடித்தான். “றஜீவன் அண்ணைக்கு நான் ஒளிக்கேல்லை. வந்த அண்டே சொன்னனான். கட்டிப்பிடிச்சு வாழ்த்தினவர். அடுத்த நாளும் சொன்னனான், அண்டைக்கும் கட்டிப்பிடிச்சவர். அவருக்கு அது நிக்கேல்லை. மச்சாளுக்குச் சொல்லத்தான் எனக்கு வாய் வரேல்லை.”

பவதாரணியின் கைப்பையில் போன் அடித்தது. சயந்தினி.

“பவா! இப்பவும் போய்த் துவாயை எடுத்தவர். நான் வாயே திறக்கேல்லை. தானாச் சொல்லுறார், சுபேசன் ஓட்டுறான், எனக்கு மாட்டிலை வேலையெண்டு. பாட்டு மாதிரிப் பாடிக்கொண்டு போறார். ஐயா சிரிச்சு முடியேல்லை. பவா, இனி இது அவருக்கு அழியாதுதானே?”

சுபேசனைப் பார்த்தபடி பவதாரணி சொன்னாள்: “அழியாது மச்சாள். லேசிலை அழியாது.”

அது முழு உண்மை. அதுதான் கரைச்சலும். கடலில் இருந்து அண்ணனைத் திருப்பிக் கொண்டுவந்த வசனம், மாதம் முடிய முன்னர் பொய்யாகப் போகிறது.

போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள்: “நீர் போனால் படகு ஆர் எடுக்கிறது?”

“அதுதான் தெரியேல்லை அக்கா.”

“கெதியா ஒராளைப் பாரும். இந்த முறை ஊரைவிட்டுப் போகாத ஆளா இருக்கவேணும். அண்ணைக்கு நான் அந்தப் பேரைத்தான் பழக்கவேணும்.”

சுபேசன் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தான். “நெடுந்தீவிலை அப்பிடி ஒராளை நான் எங்கை அக்கா தேடுறது?”

படகு ஒரு பெரிய அலையில் ஏறி இறங்கியது. அவன் சுக்கானை ஒரு விரல் அளவுதான் அசைத்தான், படகு நேராகிவிட்டது. பவதாரணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்பிடிப் பிடிக்க உமக்குப் பழக்கினது ஆர்?”

“வேறை ஆர்? றஜீவன் அண்ணைதான். கையிலை கை வைச்சுத்தான் பழக்கினவர்.”

“அது அவருக்கு மறக்கேல்லை, இன்னும் ஒராளுக்குப் பழக்குவார்,” என்றாள் பவதாரணி, தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு போனிலிருந்து கையை எடுத்தாள். அந்தப் பக்கத்தில் மாட்டுமணிச் சத்தமும், இராசநாயகத்தின் சிரிப்பும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தன.

“மச்சாள், வைச்சிடாதேங்கோ. பதினெட்டு வருசம் படகுக்காரன்ர பெண்சாதியா இருக்கிறியள். ஒரு நாளெண்டாலும் சுக்கான் பிடிச்சுப் பாத்திருக்கிறியளோ?”